வயிற்று வலியும் ஆறு மணி நேரமும்

வயிறு வலிக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், "வாயுவா இருக்கும்" என்பதுதான் முதலில் வரும் பதில். அடுத்து ஒரு சோடாவோ ஓம வாட்டரோ வரும். குழந்தை என்றால் பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். தெருமுனை மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை கிடைக்கும். பெரும்பாலான வயிற்று வலிகள் இந்த அளவிலேயே அடங்கிவிடுகின்றன என்பது உண்மை. எதுவும் கொடுக்காமல் இருந்தாலும் அடங்கியிருக்கும் வலிகள் அவை. அடங்காத மீதி வலிகள்தான் ஆளைக் கொல்கின்றன. குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிய பிறகு அறுவை மேசைக்கு வருகிறவர், கருக்குழாய் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிய பெண், நெஞ்சு வலிக்காமல் மேல்வயிறு மட்டும் வலித்த மாரடைப்புக்காரர் ஆகியோரில் பலர், காப்பாற்றும் வாய்ப்பு அதிகமாக இருந்த முதல் சில மணி நேரத்தை 'வாயு' என்ற பேரில் கழித்தவர்கள்.

இதற்கு நோயாளியின் அறியாமையை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. வயிறு உண்மையிலேயே குழப்பக்கூடியது. விரலில் முள் குத்தினால் கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தைத் தொட்டுவிடுவோம். குடலுக்கு அந்தக் கூர்மை கிடையாது. குடலை வெட்டினாலும் சுட்டாலும் அதற்கு வலி தெரியாது. உப்பினால், இழுபட்டால், இறுகிச் சுருங்கினால், ரத்த ஓட்டம் குறைந்தால்தான் வலிக்கும். அந்தச் செய்தியும் உடலின் இரு பக்கத்து நரம்புகள் வழியாகக் கலந்து தண்டுவடத்துக்குப் போவதால், வலி பெரும்பாலும் வயிற்றின் நடுக்கோட்டில் மழுங்கலாகத் தெரிகிறது. இரைப்பை, பித்தப்பை, கணையம் கெட்டால் தொப்புளுக்கு மேலே வலிக்கும். சிறுகுடலும் குடல்வாலும் தொப்புளைச் சுற்றி வலிக்கும். பெருங்குடலின் பின்பாதி அடிவயிற்றில் வலிக்கும். கருவில் குடல் மூன்று பகுதிகளாக உருவானபோது அமைந்த நரம்பு வழிகளின் விளைவு இது.

வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் கதை வேறு. தோலுக்கு இருப்பதைப் போன்ற துல்லியமான நரம்புகள் அதற்கு உண்டு. உள்ளே ஓர் உறுப்பு புண்ணாகி, வீங்கி, அந்தச் சவ்வைத் தொடும்போது வலி குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஊன்றிக்கொள்கிறது. இருமினால் வலிக்கும், நடந்தால் வலிக்கும், வண்டி குலுங்கினால் வலிக்கும். ஆகவே மழுங்கலான நடு வயிற்று வலி ஓரிடத்துக்கு நகர்ந்து கூர்மையாவது என்பது, நோய் ஒரு கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்ற அறிவிப்பு. வயிற்று வலியைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த நகர்வைத்தான். வலி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும் எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே போனது, எத்தனை மணி நேரமாக விடாமல் இருக்கிறது என்பவையே அதிகம் சொல்லும்.

குடல்வால் அழற்சி இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரெஜினால்டு ஃபிட்ஸ் 1886இல் இந்த நோயைத் தெளிவாக விவரித்து, அதற்குப் பெயரிட்டு, சீக்கிரமே அறுத்து எடுக்க வேண்டும் என்று வாதிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, வலி கடைசியில் வந்து ஊன்றும் இடத்தை அடையாளம் காட்டினார். தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் முன்முனைக்கும் நடுவே ஒரு கோடு போட்டால், எலும்புப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள புள்ளி அது. நோயின் வழக்கமான ஓட்டம் இப்படி: காலையில் தொப்புளைச் சுற்றி ஏதோ அசௌகரியம், சாப்பாட்டில் மனம் போகாது, ஒன்றிரண்டு முறை வாந்தி. இந்தக் கட்டத்தில் எல்லோரும் அஜீரணம் என்பார்கள். மாலைக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிடும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், ஆள் குனிந்து நடப்பார். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பகுதி மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் சாலைகளுக்கும் அப்படியே பொருந்தும். மருத்துவமனைக்கு வரும் வழியில் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது வலி கூடியதா என்று அவர்கள் நோயாளிகளைக் கேட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் ஆமாம் என்றார்கள். ஸ்பீட் பிரேக்கரில் வலி கூடினால் குடல்வால்தான் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் வலி கூடவில்லை என்றால் அது குடல்வாலாக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு.

குடல்வால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் முதுகுப் பக்கம் வலிக்கலாம், இடுப்புக் குழிக்குள் தொங்கினால் பேதியும் சிறுநீர்க் கடுப்பும் வரலாம். நோயின் ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேன் சரியாக இருந்தும், மறுநாள் அறுவை தேவைப்பட்டவர்கள் உண்டு. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வலியோடு வீட்டில் படுத்துக் கிடப்பது ஆபத்தானது. ஸ்கேன் அந்த நிமிடத்தின் படத்தைத்தான் காட்டுகிறது. வலி கூடிக்கொண்டே போனால் அதே மருத்துவரிடம் திரும்பிப் போய்ச் சொல்ல நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது, அதில் தயங்கக் கூடாது.

கடுமையான வயிற்று வலியைப் பற்றி மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒரு புத்தகத்தை லண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921இல் எழுதினார். அதில் அவர் தந்த விதி எளியது. நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று வந்த கடும் வயிற்று வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அது பெரும்பாலும் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய வலி. ஸ்கேனோ சிடியோ இல்லாத காலத்து விதி, ஆனாலும் நூறு ஆண்டுகள் கழித்தும் உதிராமல் நிற்கிறது. ஆறு மணி நேரம் வீட்டில் காத்திருக்கலாம் என்று அதை யாரும் படித்துவிடக் கூடாது. அதற்கு மேல் காத்திருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை என்பதே அதன் பொருள்.

கேள்விகளைச் சரியாகக் கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும் என்பதற்கு இன்னொரு சான்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து வந்தது. டி டோம்பல் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1972இல், வயிற்று வலியோடு வந்த 304 பேரின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்து நோயைக் கணிக்கச் சொன்னார்கள். கணினி 91.8 விழுக்காடு சரியாகச் சொன்னது. மூத்த மருத்துவர் 79.6 விழுக்காடு. பிறகு பல மருத்துவமனைகளில், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இந்த முறையைப் பயன்படுத்தியபோது, குடல்வால் வெடிப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. முன்னேற்றத்தில் பெரும்பங்கு இயந்திரத்தால் மட்டும் வந்துவிடவில்லை. எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கியது, இப்போது எங்கே, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் ஒரே ஒழுங்கில் விடாமல் கேட்டு எழுதியதே மருத்துவர்களின் கணிப்பைக் கூர்மையாக்கியது. நோயாளி இந்தக் கேள்விகளுக்கு விடையைத் தயாராக வைத்திருந்தால் அதே பயன் நம்மூர் கூட்ட நெரிசலிலும் கிடைக்கும்.

ஆறு மணி நேரம் என்ன, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத வலிகள் சில உண்டு.

முதலாவது மாரடைப்பு. இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்தம் அடைபட்டால் வலி மேல்வயிற்றில், நெஞ்சுக்குழியில், எரிச்சலாகவோ அமுக்கமாகவோ தெரியலாம். குமட்டும், வியர்த்துக் கொட்டும். நாற்பதைத் தாண்டியவருக்கு, அதிலும் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ புகைப் பழக்கமோ இருப்பவருக்கு, வியர்வையோடு வரும் புதிய மேல்வயிற்று வலி இசிஜி எடுத்துப் பார்க்கும் வரை இதய வலிதான். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் தேவலை என்று தோன்றுவதை நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணின் அடிவயிற்று வலி. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்து, ஒரு பக்கம் வலித்து, லேசாக ரத்தக் கசிவும் தலைச்சுற்றலும் இருந்தால் கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் கிழிந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ரத்தம் மேலே ஏறி உதரவிதானத்தைத் தொடும்போது தோள்முனையில் வலிக்கும். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவதால், மூளை அதைத் தோளின் வலியாகப் படிக்கிறது. தமிழ்நாட்டில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே திருமணமான பெண்களில் பெரும்பகுதியினர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் ஆகிவிட்டதே என்று கர்ப்பத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அந்த அறுவைக்குப் பிறகும் அரிதாகக் கரு தரிப்பதுண்டு, அப்படித் தரித்தால் கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு சாதாரணமாக இருப்பதைவிட அதிகம். சிறுநீர்ச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். திருமணமாகாத பெண்ணிடம் இதைக் கேட்பது எப்படி என்று மருத்துவர் கூச்சப்படுவதும், அம்மா பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெண் உண்மையைச் சொல்ல முடியாமல் தவிப்பதும் இங்கே உயிர்ப் பிரச்சினை. அவளிடம் தனியாகப் பேச வேண்டியது மருத்துவரின் கடமை. அதற்கு இடம்கொடுத்து வெளியே போய் நிற்பது தாயின் கடமை.

பையன்களுக்கும் இப்படி ஒரு கூச்சம் உண்டு. விரை முறுக்கிக்கொண்டால் வலி அடிவயிற்றில் தெரியலாம், வாந்தி வரலாம். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களிடம் இது அதிகம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்தால் விரையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பள்ளிக்கூடத்துப் பையன் அதை வீட்டில் சொல்ல மாட்டான். அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வான். தகப்பன்தான் நேரடியாகக் கேட்க வேண்டும்.

நம் மண்ணுக்கே உரிய ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். கடித்தது வலிக்காது, பல்தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கடும் வயிற்று வலியோடும் வாந்தியோடும் ஆள் எழுந்திருப்பார். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமைகள் சொருகும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் தசைகள் நின்றுபோகும். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டால் பாம்புக்கடி என்றே கருதி, விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிராமத்து மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். வீடுகளில்தான் தெரிவதில்லை.

மழைக்காலத்து டெங்குவும் இப்படித்தான். காய்ச்சல் இறங்கும் நாளில் வயிறு கடுமையாக வலித்தால், வாந்தி நிற்காமல் போனால், குணமாகிறது என்று நினைக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் குறித்திருக்கும் அபாய அறிகுறிகளில் அது ஒன்று. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும் கட்டம் அது. டைபாய்டு காய்ச்சலை அரைகுறையாக வைத்தியம் பார்த்துவிட்டால், மூன்றாவது வாரம் வாக்கில் குடலில் ஓட்டை விழலாம். வலது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலுமாக வரும் ஆண்களில் சிலருக்குக் கல்லீரலில் அமீபா சீழ்க்கட்டி இருக்கும். யாழ்ப்பாணத்தில் இந்த நோய்க்கும் கள் குடிப்பதற்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அறுவை தேவைப்படும் வலியா, இல்லையா என்று வீட்டில் இருப்பவர் கண்ணால் பார்த்தே ஓரளவு ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. சிறுநீரகக் கல் வலிக்காரர் ஓரிடத்தில் இருக்க மாட்டார். எழுவார், நடப்பார், உருளுவார். விலாவின் பின்புறத்தில் தொடங்கித் தொடை இடுக்குக்கு இறங்கும் அந்த வலி அலை அலையாக வரும். அல்சர் ஓட்டையாகி இரைப்பை அமிலம் வயிற்றறைக்குள் கொட்டியவர் இதற்கு நேர்மாறு. அசைந்தாலே உயிர் போகும் என்பதால் முழங்காலை மடக்கிக்கொண்டு, மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு, சிலையாகக் கிடப்பார். வயிறு பலகையாக இறுகியிருக்கும். துடிப்பவரைப் பார்த்துத்தான் வீடு பதறும். பேசாமல் கிடப்பவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார். இதற்கு விதிவிலக்கும் உண்டு. குடலுக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டால் வயிறு மெத்தென்றே இருக்கும், ஆனால் நோயாளி தாங்க முடியாமல் அலறுவார். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத முதியவர்களுக்கு இது வரும்.

கல் பற்றி ஒரு வார்த்தை. பீர் குடித்தால் கல் கரையும் என்று நம்பிக் குடிப்பவர்கள் நிறைய. கரையாது. சிறிய கற்கள் தாமாகவே இறங்கிவிடும், நிறையத் தண்ணீர் குடிப்பதே போதும். ஆனால் கல் வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால், அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்று பொருள். அன்றே அடைப்பை எடுத்தாக வேண்டும். பித்தநாளக் கல்லுக்கும் இதே விதி. வலது விலாவுக்குக் கீழே வலி, குளிர்காய்ச்சல், கண் மஞ்சள் மூன்றும் ஒன்றாக வந்தால் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அறுபது வயதைத் தாண்டிய புகைப்பழக்கக்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக 'கல் வலி' வந்தால், வயிற்றின் பெருந்தமனி வீங்கிக் கிழிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

குடலடைப்பை வீட்டிலேயே அடையாளம் காணலாம். வயிறு உப்பிக்கொண்டே போகும், வலி விட்டு விட்டு வரும், வாந்தி பச்சையாகி வரும், மலம் மட்டுமல்ல, காற்றும் பிரியாது. முன்பு வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும், குடலிறக்கத்தை வருடக்கணக்கில் கட்டி வைத்துச் சமாளிப்பவர்களுக்கும் இது வரும். இதுவரை அமுக்கினால் உள்ளே போன வீக்கம் இன்று போகாமல், தொட்டால் வலித்தால், அடுத்த பேருந்துக்கே கிளம்ப வேண்டும். இந்த நிலையில் விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுப்பது பெரிய தவறு. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுத்தாலும் அப்படித்தான், வெடிப்பதைத் துரிதப்படுத்தும்.

குழந்தைகளுக்கு நாம் செய்யும் வைத்தியங்களில் எனக்கு மிகுந்த கவலை தருவது குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவதும், தொக்கம் எடுப்பதும்தான். மூன்று மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. குழந்தை திடீரென்று காலை மடக்கி வீறிட்டு அழும், வெளிறும், சில நிமிடத்தில் ஓய்ந்து சாதாரணமாகிவிடும், பிறகு மறுபடியும் அழும். நீவியதும் அழுகை நின்றது என்று பாட்டி நினைப்பது அந்த இடைவெளியைத்தான். பிறகு வாந்தி, கடைசியில் சிவந்த ஜெல்லி போன்ற மலம். சீக்கிரம் கொண்டுபோனால் ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ செலுத்தியே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரிசெய்துவிடலாம், கத்தி வைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தாமதித்தால் குடல் அழுகும். பிறந்து சில நாளே ஆன சிசு பச்சையாக வாந்தி எடுத்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் சிறுநீர் கழித்து, இளைத்துப்போன குழந்தைக்கு வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். இன்சுலின் இல்லாத உடலில் அமிலம் ஏறும்போது வயிறும் வலிக்கும்.

முதியவர்களைப் பற்றித் தனி எச்சரிக்கை தேவை. வயதானால் வலியும் காய்ச்சலும் வயிற்றின் இறுக்கமும் மங்கிவிடுகின்றன. எண்பது வயதுக்காரர், குடலில் ஓட்டை விழுந்திருந்தும் "என்னமோ போல இருக்கு" என்று மட்டும் சொல்லக்கூடும். சாப்பிட மறுப்பதும், குழப்பமாகப் பேசுவதும், சோர்ந்து கிடப்பதும் அவருடைய வலிக்குறி. நீண்ட காலச் சர்க்கரை நோயாளியும், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவரும் இப்படியே. மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பெரியவர்களுக்கு இரைப்பைப் புண்ணும் ஓட்டையும் வரும் வாய்ப்பு அதிகம். எட்டாம் மாதக் கர்ப்பிணிக்கு வலது விலாவுக்குக் கீழே வலியும் தலைவலியும் கண்மங்கலும் வந்தால், பிள்ளை உதைக்கிறது என்று விட்டுவிடாமல் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. சீரகத் தண்ணீரும் மோரும் யாரையும் கெடுத்ததில்லை. ஆனால் ஒன்று மாற்றி ஒன்றாகக் கொடுத்துப் பார்ப்பதில் விடிந்துவிடுகிறது, அங்கேதான் கேடு. வலி ஊசிக்கும் இதுவே பொருந்தும். மருத்துவமனையில், பரிசோதித்த பிறகு தரும் வலி மருந்து நோயை மறைத்துவிடும் என்ற பழைய அச்சத்தைப் பிற்கால ஆய்வுகள் தள்ளிவிட்டன. வலியைக் குறைத்துவிட்டே நோயைக் கண்டுபிடிக்கலாம், நோயாளி துடிக்கத் தேவையில்லை. என்ன நோய் என்று யாரும் பார்க்காமல், தெருவில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுப்பதுதான் கூடாதது. குடல்வாலுக்கு அறுவை என்றதும் பயந்து வராமல் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. வெடிக்காத, சிக்கலில்லாத குடல்வால் அழற்சியைச் சில பேருக்கு ஆன்டிபயாடிக் மருந்தாலேயே ஆற்றலாம். பின்லாந்தில் அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய நாலு பேர் ஐந்து ஆண்டுக்குள் அறுவைக்கு வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. சீக்கிரம் வந்தால்தான் இந்தத் தேர்வே இருக்கும்.

மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும் வலிகளுக்கு வருவோம். தமிழ்ப் பக்தி இயக்கத்தின் பெரிய திருப்பம் ஒன்றே ஒரு வயிற்று வலியில் தொடங்குகிறது. தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்தவர், தாங்க முடியாத சூலை நோயால் தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து திருநாவுக்கரசர் ஆனதைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். தீராத வயிற்று வலி ஒருவரின் வாழ்க்கையை எந்தத் திசைக்கும் திருப்பக்கூடியது.

அந்தத் திசை எப்போதும் நல்லதாக அமைவதில்லை. 'தீராத வயிற்று வலியால் தற்கொலை' என்ற வரியை நம் நாளிதழ்களில் படிக்காதவர் இருக்க முடியாது. பெரும்பாலும் இளம்பெண்களைப் பற்றிய செய்தி. சில வேளைகளில் வீட்டுக் கொடுமையை மறைக்கும் காரணமாக அது எழுதப்படுகிறது. சில வேளைகளில் வலி உண்மையாகவே இருந்திருக்கிறது, யாரும் காது கொடுக்கவில்லை. உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. கருப்பையின் உள்பூச்சு போன்ற திசு வெளியே வளர்ந்து, மாதந்தோறும் புண்ணாகி, வலிக்கும் நோய். பல நாடுகளில் அதைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆகின்றன. "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும், ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்" என்ற பேச்சு நம் ஊரில் அந்த ஆண்டுகளை இன்னும் நீட்டுகிறது. வேலைக்கும் பள்ளிக்கும் போக முடியாத அளவு மாதவிலக்கு வலி இயல்பானதல்ல, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. வலியால் வாழ்க்கையே வெறுத்துப்போனதாக வீட்டில் யாராவது சொன்னால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அல்சர் பற்றி நாம் இன்னும் காரத்தையும் கவலையையுமே குற்றம் சொல்கிறோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்து நிரூபித்தார். 2005இல் நோபல் பரிசு வந்தது. கிருமியை அழித்தால் புண் திரும்புவது வெகுவாகக் குறைகிறது. ஆண்டுக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்குகிறவர்கள் ஒருமுறையாவது இந்தச் சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதிலேயே கணையத்தில் கல் படிந்து, சிறுவயது வயிற்று வலியாகத் தொடங்கிச் சர்க்கரை நோயில் முடியும் ஒரு நோயும் உண்டு. கேரள மருத்துவர் கீவர்கீஸ் அதை விரிவாக ஆராய்ந்தார். மரவள்ளிக்கிழங்கின் மேல் முதலில் பழி விழுந்தது, பிற்கால ஆய்வுகள் மரபணுக்களைச் சுட்டின. முதுகுக்கு ஊடுருவி, முன்னால் குனிந்தால் சற்றுக் குறையும் வலி கணையத்துடையது. குடிப்பவர்களுக்கு அது குடியை நிறுத்தச் சொல்லும் கடைசி எச்சரிக்கையாகவும் இருக்கும்.

சோதனைகளில் ஒன்றும் தெரியாத வலி பொய் வலி என்று நினைக்கக் கூடாது. பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி 1958இல் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவருக்கு மேல் அடிக்கடி வயிற்று வலி இருந்தது. பெரும்பாலோரிடம் உறுப்புக் கோளாறு இல்லை. ஆனாலும் வலி உண்மை. தேர்வுக்காலத்தில் வலிக்கும் பிள்ளையை நடிக்கிறாய் என்று திட்டுவது வலியைக் கூட்டும். பெரியவர்களுக்கு வரும் ஐபிஎஸ் (எரிச்சல் குடல்) நோயும் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புப் போக்குவரத்தின் கோளாறு. மலம் கழித்ததும் வலி மாறுவது, மலப் போக்கு மாறுவது அதன் அடையாளங்கள். அதைத் தாண்டி எடை குறைந்தால், மலத்தில் ரத்தமோ தார் நிறமோ தெரிந்தால், ரத்தசோகை இருந்தால், வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகத் தொடங்கினால் அதை ஐபிஎஸ் என்று ஒதுக்காமல் உள்நோக்கிப் பரிசோதனை வரை போய்ப் பார்க்க வேண்டும். நம் ஊரில் குடல் காசநோயும் பட்டியலில் இருக்கிறது. மாறாக, வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் வலியே தராத பித்தப்பைக் கல் தெரிந்ததற்காக அவசரப்பட்டு அறுவைக்குப் போக வேண்டியதில்லை. அத்தகைய கற்களில் பெரும்பாலானவை தொந்தரவு தருவதில்லை.

வயிற்று வலி தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து வையுங்கள். தொடங்கிய இடம், இப்போதுள்ள இடம், வாந்தி முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, கடைசியாக மலமும் காற்றும் எப்போது பிரிந்தன, பெண்ணானால் கடைசி மாதவிலக்குத் தேதி, சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். கடும் வலியென்றால் மருத்துவர் பார்க்கும் வரை சாப்பாடு வேண்டாம். வயிறு இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ முதியவருக்கோ வலி விடாமல் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. இரண்டு ஆம்புலன்ஸ் சேவைகளும் இலவசம், இரவிலும் வரும்.